யார் பெயராவது விடுபட்டிருந்தால்

டிசம்பர் கடைசி வாரத்தில் நாச்சிமுத்து பின்பக்கமாகத்தான் நடப்பார். அவர் ஜெனரல் மேனேஜர். கோயம்புத்தூரில் அந்த மோட்டார் பம்ப் கம்பெனிக்கு யார் ஜெனரல் மேனேஜராக வந்தாலும் அந்த ஒரு வாரம் அப்படித்தான் நடந்தாக வேண்டும்.

வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் இப்போதைய முதலாளியின் அப்பா. வருடம் முடிகிற சமயத்தில் தலைமையில் இருக்கிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஏதோ ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டார். என்ன அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது. மறுநாளே அப்போதிருந்த மேனேஜர் முதுகை முன்னால் விட்டு நடக்க ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. முதலாளி சொன்னதைச் செய்கிறவனை எந்தக் கம்பெனியிலும் யாரும் தடுப்பதில்லை.

நாச்சிமுத்து இதில் கெட்டிக்காரர். மாடிப்படிகூட இறங்குவார். முதுகாலேயே கதவைத் திறப்பார். கடந்து வந்ததெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். இடிக்கப் போவது மட்டும் தெரியாது. அன்று காலையில்தான் நோட்டீஸ் போர்டு ஒன்றில் பின்மண்டையை இடித்துக்கொண்டு, போர்டிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

அன்று வருடத்தின் கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்டு நிறைவு விழா. விழாவில் யார் எதைப் பேசினாலும் ஒருவரும் கவனிக்கப் போவதில்லை. எல்லோரும் காத்திருப்பது கடைசியில் வருகிற நன்றியுரைக்கு. அதைச் சொல்ல வேண்டியவர் நாச்சிமுத்து.

மற்ற இடங்களில் எப்படியோ, இந்தக் கம்பெனியில் நன்றிக்கு எடை உண்டு. இன்னாருக்கு, இன்னதற்காக நன்றி என்று மேனேஜர் மைக்கில் சொன்னால், அந்த ஆள் அடுத்த வருடம் முழுக்கத் தரையில் நிற்பார். சொல்லாமல் விட்டால் எடை குறையும். முதலில் நாற்காலி அசையும். பொங்கல் கழிந்ததும் செருப்பு காலை விட்டு நழுவும். ஆடிக் காற்று வந்தால் ஆள் கூரைக்குப் போய்விடுவார். அடுத்த விழாவிலும் பெயர் வரவில்லை என்றால் மேல் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், விடுபட்டவர் விடுபட்டுவிடுவார். முன்பு ஸ்டோர் கீப்பர் ஒருவர் அப்படிப் போனார். வெள்ளலூர் பக்கம் வானத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். நல்ல மனிதர், பாவம்.

போன வருடம் ஒரே ஒரு பெயர்தான் விடுபட்டது. கோகிலவாணி. நாச்சிமுத்துவின் உதவியாளர். வருடா வருடம் நன்றியுரையை எழுதித் தருகிறவர் அவர்தான். எழுதுகிறவர் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளக் கூச்சப்பட்டார். வாசிக்கிறவர் எழுதியதை மட்டும் வாசித்தார். முந்தைய மேனேஜர்கள் எழுதியதை வாசித்து முடித்ததும் தாளிலிருந்து கண்ணை எடுத்து, "அப்புறம் நம்ம கோகிலவாணி" என்று சேர்த்துக்கொள்வார்களாம். நாச்சிமுத்துவும் சில வருடம் அப்படிச் செய்திருக்கிறார். போன வருடம் மறந்துவிட்டார். "யார் பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கோகிலவாணியும் தட்டினார்.

இப்போது கோகிலவாணி நாச்சிமுத்துவின் அறைக் கூரையில் இருக்கிறார். வேலையில் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டரை மேலே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்து வாங்க வேண்டிய தாள்களை மஞ்சள் பையில் வைத்துக் கயிற்றில் இறக்குவார். மின்விசிறியை மட்டும் போடுவதில்லை. காலையில் அவர் கணவர் ஸ்கூட்டரின் பின் கம்பியில் கட்டி அழைத்து வருவார், சாயங்காலம் அவிழ்த்துக் கூட்டிப் போவார். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் மேலே பார்த்து வணக்கம் வைப்பார்கள்.

அன்று மஞ்சள் பையில் நன்றியுரை இறங்கி வந்தது. நாச்சிமுத்து எடுத்துப் பார்த்தார். எல்லாப் பெயரும் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. கோகிலவாணியின் பெயர் இல்லை.

"இந்த வருசமும் உடறீங்களே" என்றார்.

"என் பேரை நானே எப்படிங்க சார் எழுதறது?"

"செரி, நானே சொல்லிக்கறேன். எதுக்குன்னு சொல்லட்டும்?"

"அது நீங்கதானுங்க சொல்லோணும்."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது என்று நினைத்தார். "தப்பில்லாம டைப் அடிக்கிற கோகிலவாணிக்கு நன்றி" என்றார். கோகிலவாணி ஒரு சாண் இறங்கினார். சற்று நேரம் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் மேலே போய்விட்டார்.

"பத்தலீங்க சார். அது சம்பளத்துக்குள்ளயே வந்துருதுங்க."

"பொறுமையா இருக்கறதுக்கு?"

கோகிலவாணி அசையவே இல்லை. "அது பொதுவா எல்லாத்துக்கும் சொல்றதுங்க" என்றார்.

தினமும் பத்தடி தூரத்தில் இருக்கிற மனுஷி. டைப் அடிப்பதைத் தவிர அவர் வேறு என்ன செய்கிறார் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுக்குள் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல். அவர் முதுகால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார், யாரையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று.

பின்பக்கமாக நடக்கிறவருக்கு அந்த நடைகூடம் நீண்டுகொண்டே போகும். மற்ற நாட்களில் அறைக்கு எதிரிலேயே கேன்டீன். அன்று நடுவில் நிறையத் திருப்பங்கள் முளைத்திருந்தன. ஒரு திருப்பத்தில் பழைய மர மேசை ஒன்று கிடந்தது. சின்ன வயது நாச்சிமுத்து அதில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையில் முடி நிறைய இருந்தது. பறந்துவிடாமல் இருக்க ஒரு காலை மேசைக்காலில் சுற்றி வைத்திருந்தார்.

"ஏனுங்க, சார் ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று அவர் கேட்டார்.

"எதைப் பத்தி?"

"எம்பட வேலையைப் பத்திங்க. ராத்திரி பகலா ஒரு வேலை முடிச்சுக் கொடுத்தனுங்க."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்றார் நாச்சிமுத்து.

சின்ன வயது நாச்சிமுத்துவின் முகம் வாடிவிட்டது. டிபன் பாக்ஸை மூடி வைத்தார். பாதி சாதம் அப்படியே இருந்தது. பெரிய நாச்சிமுத்துவுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. அவசரமாகப் பின்வாங்கியதில் கேன்டீன் கதவில் முட்டிக்கொண்டார்.

உள்ளே கேன்டீன் மாஸ்டர் ஆறுச்சாமி விழாவுக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். பெரிய மனிதரைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு நின்றார். குதிகாலைத் தரையில் அழுத்தி அழுத்தி நின்றதை நாச்சிமுத்து கவனித்தார்.

"ஆறுச்சாமி, நம்ம கோகிலவாணி என்ன பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"டைப் அடிக்கறாங்க."

"அதைத் தவிர?"

ஆறுச்சாமி யோசித்தார். "நீங்க சொல்றதை எங்ககிட்ட வந்து சொல்லுவாங்க. இப்பத்தான் மேல போயிட்டாங்களே, இந்த வருசம் ஒண்ணும் வரலீங்க. எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா சார்?"

"நான் என்ன சொன்னேன்?"

"மறந்துட்டீங்களா? எண்ணெய் கொட்டிக் கை வெந்து போச்சுங்களே, அப்பச் சொல்லி உட்டீங்க. 'ஆறுச்சாமி சமையல் இல்லீன்னா எனக்குச் சோறு எறங்காது, பொறுமையா வரச் சொல்லு'ன்னு. எஞ்சம்சாரம் அதைக் கேட்டு அளுதுருச்சுங்க."

நாச்சிமுத்து அப்படி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. ஆறுச்சாமியின் கை வெந்ததே அவருக்குத் தெரியாது. அந்த மாதம் சாம்பார் சரியில்லை என்று முகம் சுளித்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

"கேசரியில முந்திரி தூக்கலாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நடைகூடத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மேனேஜர் ஒவ்வொருவரிடமும் போய் நலம் விசாரிக்கிறார் என்று எப்படியோ செய்தி பரவியிருந்தது. லேத் வேலைக்காரர் ஒருவர், தன் மகள் பாஸானபோது சார் வாழ்த்துச் சொல்லி அனுப்பியதை இன்னும் வீட்டில் பேசுகிறார்கள் என்றார். பெயின்ட் அடிக்கிற அம்மாள் ஒருவர், தன் மாமியார் காரியத்துக்கு சார் வர முடியவில்லையே என்று வருத்தப்பட்டுச் சொல்லி அனுப்பியதுதான் பெரிய ஆறுதல் என்றார். எல்லோரும் அவரைப் பாசத்தோடு பார்த்தார்கள். எல்லோரும் குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு நின்றார்கள். செய்யாத நல்ல காரியங்களுக்காக ஒரு மனிதன் இவ்வளவு நேசிக்கப்படக் கூடாது.

அறைக்குத் திரும்பியதும் கதவைத் தாழிட்டார்.

"எப்ப இருந்து?" என்று கேட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

கோகிலவாணி சொன்னார்: "நீங்க மேனேஜரா வந்ததுல இருந்துங்க."

"எதுக்குங்க இந்த வேலை?"

"கேட்டாங்க சார். ஒவ்வொருத்தரும் எம்பட டேபிளுக்கு வந்து, 'சார் ஏதாச்சும் சொன்னாருங்களா'ன்னு கேட்டாங்க. இல்லீன்னு சொல்லிப் பார்த்தனுங்க. அவங்க மொகத்தைப் பாக்க முடியலீங்க. அப்புறம் ஒருக்கா, சொன்னாருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நிறுத்த முடியலீங்க."

நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. அதே சமயம் ஒரு சந்தோஷமும் இருந்தது, காரணம் கிடைத்துவிட்டதே என்று. "அப்ப இதையே மைக்குல சொல்லிடறேன். என் பேர்ல எல்லாருக்கும் நன்றி சொன்னதுக்கு நன்றின்னு. நீங்க எறங்கிருவீங்க."

"நானு எறங்கிருவனுங்க" என்றார் கோகிலவாணி. "அவங்க மேல போயிருவாங்க."

"எவங்க?"

"எல்லாரும்தானுங்க. அந்த நன்றியிலதான சார் அவங்க நிக்கறாங்க. மைக்குல வருசத்துக்கு ஒருக்கா வாசிக்கறதும் நானு எழுதுனதுதானுங்க. நீங்க சொல்லலீன்னு தெரிஞ்சா அத்தனையும் செல்லாமப் போயிருமுங்க."

நாச்சிமுத்து இதை மனதுக்குள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் அதே கணக்குத்தான் வந்தது.

"சொல்லலீன்னா?"

"ஷெட்டு ஜன்னல் பெருசாத்தானுங்க இருக்குது. இடிக்காது."

"பயமா இல்லீங்களா?"

"மழை வந்தாத்தானுங்க பயம். தலை நனைஞ்சா எனக்குச் சளி புடிச்சுக்குமுங்க."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லியிருக்கறனுங்க" என்றார் கோகிலவாணி. மஞ்சள் பையை மேலே இழுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. முதலாளி.

"நாச்சிமுத்து, திரும்பிப் பார்த்தாச்சா?"

"பார்த்துட்டே இருக்கறனுங்க."

"என்ன தெரியுது?"

"எல்லாருக்கும் என்னைப் பிடிச்சிருக்குதுங்க."

"வெரி குட். நாளைல இருந்து முன்னால பார்த்து நடங்க" என்று முதலாளி வைத்துவிட்டார்.

விழா அசெம்ப்ளி ஷெட்டில் நடந்தது. பம்புகளை ஓரம் கட்டிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு தொன்னையில் கேசரி. விழாவுக்கு வந்திருந்த கணவர் கோகிலவாணியைக் கயிற்றோடு கூட்டி வந்து, கூரை இரும்பில் ஓர் இடம் பார்த்து விட்டுவிட்டு, கயிற்று முனையைக் கையில் சுற்றிக்கொண்டு கீழே நின்றார். மேல் ஜன்னலுக்குக் கீழே நீளமான மூங்கில் கொம்போடு ஒருவர் தயாராக இருந்தார். பின்பக்கமாகவே மேடை ஏறிய நாச்சிமுத்துவை இரண்டு பேர் பிடித்துத் திருப்பி, மைக்குக்கு நேராக நிறுத்தினார்கள்.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். மைக் செட் அமைத்துத் தந்தவர்களுக்கு நன்றி. பந்தல்காரருக்கு நன்றி. கரன்ட் போகாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி. பிறகு தொழிலாளர்கள். ஒவ்வொரு பெயரும் காரணமும் வாசிக்க வாசிக்க, கூட்டத்தில் ஒவ்வொரு நாற்காலியாகத் தரையில் அழுந்தியது. குதிகால்கள் ஓய்வெடுத்தன. முகங்கள் சாந்தமாயின. கேசரி சாப்பிட ஆரம்பித்தார்கள்.

தாள் முடிந்தது. ஒரே ஒரு வரி மிச்சம்.

"யார் பெயராவது விடுபட்டிருந்தால்" என்று படித்தார். நிறுத்தினார்.

மூங்கில் கொம்புக்காரர் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். அவருக்கு அந்த வார்த்தைதான் சைகை. மார்கழிக் காற்று சட்டென்று உள்ளே வந்து தோரணத்தை அடித்தது. கோகிலவாணி ஜன்னல் பக்கமாக நகர்ந்தார். கணவர் கயிற்றை விடவில்லை. அவர் காலும் தரையை விட்டுக் கிளம்ப ஆரம்பித்தது. அந்த ஆள் நாச்சிமுத்துவை மட்டும் பார்த்தார்.

நாச்சிமுத்து தாளை மடித்துப் பையில் வைத்தார். இந்த இடத்தில் இன்னும் கெட்டிக்காரராக இருந்திருந்தால் அவர் இருமியிருப்பார், தண்ணீர் கேட்டிருப்பார், அதற்குள் காரியம் முடிந்திருக்கும். அவருக்கு இருமல் வரவில்லை.

"கோகிலவாணி" என்றார் மைக்கில். "நான் உங்க யாருக்கும் ஒண்ணும் சொல்லி அனுப்பலீங்க. கை வெந்ததுக்கும் சொல்லல, பொண்ணு பாஸானதுக்கும் சொல்லல. இப்ப வாசிச்சதும் என்னோடதில்ல. எல்லாம் அவங்க சொன்னது. எனக்குச் சொல்லத் தோணாதப்ப எனக்குப் பதிலா அத்தனை பேருக்கும் நன்றி சொன்னதுக்கு, கோகிலவாணிக்கு நன்றி."

கோகிலவாணி ஒரு மூட்டையைப் போலத் தரையில் வந்து விழுந்தார். கணவர் மேல் விழுந்ததால் அடி அதிகம் இல்லை.

முதல் வரிசை நாற்காலிகள் லேசாக அசைந்தன. கேசரித் தொன்னையைக் கையில் பிடித்தபடியே ஆட்கள் எழும்பினார்கள். பெயின்ட் அடிக்கிற அம்மாள் சேலையைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மூங்கில் கொம்புக்காரர் கொம்போடு எழும்பினார். இனி ஜன்னலை மூட ஆள் இல்லை.

ஆறுச்சாமி கடைசிவரை குதிகாலை அழுத்திப் பார்த்தார். "அப்ப அது நீங்க சொன்னதில்லீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்ல ஆறுச்சாமி."

"செரிங்க" என்றார் ஆறுச்சாமி. கோபமே இல்லை அவரிடம். பிறகு அவரும் மேலே போனார். திட்டியிருந்தால் நாச்சிமுத்து தாங்கிக்கொண்டிருப்பார். அந்த ஒரு 'செரிங்க' அவர் நெஞ்சில் போய்த் தைத்தது.

கூரை முழுக்க ஆட்கள். காற்று அவர்களை மெதுவாக ஜன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவர்கள் மூன்று பேர். கோகிலவாணி, கீழே கிடக்கிற கணவர், நாச்சிமுத்து.

"கோகிலவாணி, அந்தா ஜன்னல்கிட்ட இருக்கறவர் பேர் என்னங்க? சீக்கிரம்!"

கோகிலவாணி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நானு இனிமே சொல்லமாட்டனுங்க சார்" என்றார். "நீங்களே கேளுங்க."

நாச்சிமுத்து கழுத்தை நிமிர்த்தினார். ஒரு வாரமாகப் பின்னால் பார்த்துப் பழகிய கழுத்து. வலித்தது.

"ஏனுங்க, உங்களைத்தானுங்க, நீலச் சட்டை! உங்க பேர் என்னங்க?"

"மருதாசலமுங்க" என்றார் நீலச் சட்டைக்காரர். அவர் ஒரு கால் ஏற்கெனவே வெளியே போயிருந்தது.

"மருதாசலம், ரொம்ப நன்றிங்க!"

ஒன்றும் நடக்கவில்லை.

"எதுக்குங்க சார்?" என்று கேட்டார் மருதாசலம். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

நாச்சிமுத்து கேட்டார்: "நீங்க என்னங்க வேலை பாக்கறீங்க?"

மருதாசலம் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவரை யாரும் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நிதானமாக யோசித்தார். "அது கொஞ்சம் வெவரமாச் சொல்லோணுங்க" என்றார்.

"சொல்லுங்க."

"காலையில வந்தொடனே மொதல்ல கையைக் களுவிக்குவனுங்க. ஏன்னா பேரிங்குல ஒரு பொடி மண்ணு பட்டாலும்..." என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். நாச்சிமுத்து மேலே பார்த்தபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். மருதாசலத்துக்குப் பின்னால் பெயின்ட் அடிக்கிற அம்மாளும் ஆறுச்சாமியும் ஜன்னலை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறி, எட்டி, ஆளுக்கொரு கணுக்காலாகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு கைதானுங்க சார்" என்றார். "வெரசாக் கேளுங்க."